பந்திக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது புதிய கட்டட விதிகள் அச்சாகி, அட்டை போட்டு, உங்கள் மேசைக்கே வந்துவிட்டன. கொடுத்து வைத்தவர்கள். எங்கள் காலத்தில் கட்டட விதிகளின் தேசியத் தொகுப்பு ஒன்று சொல்லும், ஊர் விதி வேறொன்று சொல்லும், கட்டுகிறவர் இரண்டுக்கும் நடுவில் தனக்குத் தோதானதைச் செய்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கு மதுரையில் ஒரு குழு போட்டார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் நானும் அதில் இருந்தேன்.

எனக்கு வந்த பங்கு, மக்கள் திரளாகக் கூடும் கட்டடங்கள். மதுரையில் அதற்குக் கல்யாண மண்டபம் என்று அர்த்தம். தேசியத் தொகுப்பில் இதற்கான விதி தெளிவாகவே இருந்தது. வெளியேறும் வழி குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே இருந்து பயந்து ஓடிவரும் கூட்டம் கதவின்மேல் மோதினாலே அது திறந்துகொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். உள்பக்கம் திறக்கும் கதவில் கூட்டம் மோதினால் அதைத் திறக்கவே முடியாது. யார் கேட்டாலும் தலையாட்டக்கூடிய விதி.

மண்டபக்காரர்கள் தலையாட்டவில்லை. கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டபோது ஒருவர் எழுந்து, "வாசக்கதவை வெளிப்பக்கம் தெறந்தா உள்ள வர்ற லட்சுமிய நெட்டித் தள்ளுன மாதிரி ஆயிரும் மேடம்" என்றார். எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நம்பிக்கையின் பேரிலாவது அவர் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று யோசித்திருந்தார். சிரித்தவர்களில் பாதிப் பேரிடம் தங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்டால் கையை ஆட்டிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

"லட்சுமிக்கு எந்தக் கதவும் தடை இல்லண்ணே. உள்ள மாட்டுன ஆளுகளுக்குத்தான் தடை" என்றேன்.

அந்தப் பதிலை ஒருவர் மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு போனார். பெயர் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லும் கரும்பும் போட்டு, பிறகு காய்கறிக் கமிஷன் கடை வைத்து மேலே வந்தவர். திருமங்கலம் போகும் ரோட்டில் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மேலே கல்யாண மேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். எங்கள் விதி இன்னும் வரைவாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் ஒரு நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, தேக்குக் கதவுகளைக் கழற்றிக் கீலை மாற்றி, எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்துவிட்டார். எங்கள் மேலதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதிய விதிப்படி முடிந்த முதல் மண்டபம், இதையே மாதிரியாகக் காட்டிவிடலாம் என்றார். கட்டடத்தைத் திறக்கலாம் என்ற நிறைவுச் சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மண்டபத்தின் முதல் கல்யாணம் காசிமாயனின் மகள் பவித்ராவுடையது. பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில்தான் நான் பார்வையிடப் போனேன்.

கட்டடத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்பக்கம் ஒரு பெரிய இரட்டைக் கதவு. பின்பக்கம் கை கழுவும் இடம், அங்கிருந்து சந்துக்குப் போக இன்னொரு கதவு. வரைபடத்தில் இருந்தபடியே இரண்டும் வெளிப்பக்கம் திறந்தன. பின்கதவுக்கு வெளியே ஒரு கம்பி கேட் போட்டு மடக்கி வைத்திருந்தார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே நின்று, சாப்பாட்டுக் கூடத்தின் முன்கதவைப் பிடித்து இழுத்தேன். கதவு என்னைப் பார்த்து வந்தது. அதற்கு இடம் விட ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

இதை உங்களுக்கு விளங்கச் செய்ய என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எழுமலைக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் எங்கள் தெருவுக்குக் கடைசிப் பந்தி. ஒரு பந்தி உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நிற்போம். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், சோறு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே தள்ளாகத் தள்ளுவார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் அழுகை வராது, கோபம்தான் வரும். குழுவில் இருந்த மற்றவர்கள் பந்திக் கதவை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள். நான் வெளியே நின்றும் பார்த்தவள்.

இன்று கடைசிப் பந்தி என்ற அவமானம் பல இடங்களில் போய்விட்டது. கதவைச் சாத்துவது போகவில்லை. வசதியான வீட்டுக் கல்யாணத்திலும் ஒரு பந்தி நிறைந்ததும் சாத்துகிறார்கள். வாசலில் மாமன் மச்சானில் தோள் அகலமான ஒருவரை நிறுத்துகிறார்கள். நம் பக்கத்தில் அது ஒரு பதவி. வெளியே பட்டுப்புடவையும் சென்ட் வாசனையுமாக நிற்பவர்களும் அதே தள்ளுத்தான் தள்ளுகிறார்கள். அவர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போது, தங்களை நோக்கித் திறக்கும் இந்தக் கதவு எப்படித் திறக்கும்?

மேலதிகாரிக்கு போன் போட்டேன். "ரெண்டு வழி இருக்கு. ரெண்டும் வெளிய தெறக்குது. புத்தகத்துல இருக்கறபடி இருக்கு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதுவரை ஒரு சந்தேகம்தான் இருந்தது, ஆதாரம் இல்லை.

காசிமாயனிடம், "ஆள் இல்லாத கட்டடத்தப் பாத்து எனக்குக் கையெழுத்துப் போட வரலண்ணே. கூட்டத்தோட ஒரு தடவை பாக்கணும்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க சொன்னபடிதான மேடம் கதவத் திருப்புனேன்? சொந்தக்காரெய்ங்க அம்புட்டுப் பேரும் கிறுக்குப் பயன்னு சொன்னாய்ங்க. இப்ப வந்து கூட்டத்தக் கொண்டான்னா எப்புடி? மகளுக்குக் கல்யாணம் மேடம்!"

அவருடைய கோபம் நியாயமானது. அதே நேரம், என் சந்தேகமும் போகவில்லை. நல்லவேளையாக ஒரு வழி இருந்தது. மண்டபம் முடிந்ததற்காகக் குலசாமிக்குக் கெடா வெட்டி, வேலை பார்த்த கொத்தனார்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் மறுநாள் அங்கேயே கறிவிருந்து வைத்திருந்தார். நான் அதற்கு வருகிறேன் என்றேன். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரே ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்போம், திறந்தால் அங்கேயே கையெழுத்து. அவர் சிரித்துவிட்டார். "கதவத் தெறக்கறதா? இம்புட்டுத்தான? வாங்க மேடம்."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒத்திகை என்று சொல்லி நூறு பேரை நிற்க வைத்தால் வரிசையில் பெட்டிப்பாம்பாய் நிற்பார்கள். சோதனையும் வெற்றி, புகைப்படமும் நன்றாக வரும். அடுப்பில் நல்லியெலும்புக் குழம்பு கொதித்தால்தான் நம் ஆட்களின் உண்மையான பலம் தெரியும்.

மறுநாள் மத்தியானம் போனேன். முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. பவித்ராவும் அவள் தோழிகளும் கதவுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தார்கள். கதவுக்கு வெளியே காவல் நின்றவர் காசிமாயனின் மைத்துனர் செல்வம். அவருக்குப் பின்னால் மாடிப்படி வரை ஆட்கள். நானும் காசிமாயனும் கூடத்துக்கு உள்ளே நின்றோம். விண்ணப்பம் போட்டவர் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது என் வழக்கம், அதில் அவருக்கு ஒரு வருத்தம். குழம்பை இரண்டாம் முறை ஊற்ற ஆரம்பித்தபோது, "இப்பத் தெறங்கண்ணே" என்றேன்.

அவர் தாழ்ப்பாளை எடுத்தார். அந்தச் சத்தம் வெளியே கேட்டது. அடுத்த பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அத்தனை பேரும் ஒரு தள்ளுத் தள்ளினார்கள். காசிமாயன் கதவில் கை வைத்து அழுத்தினார். அசையவில்லை. சிரித்துக்கொண்டே தோளைக் கொடுத்தார். அப்போதும் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்து தள்ளினார்கள். தேக்குக் கதவு முனகியது, நூல் அளவுகூடத் திறக்கவில்லை.

"மாப்ள! தள்ளாதீக! பின்னால போகச் சொல்லு மாப்ள!" என்று கத்தினார். வெளியே நின்ற செல்வத்துக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர் முதுகு கதவோடு ஒட்டிக் கிடந்தது.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுவது நம்மில் யாருக்கும் வராது. பவித்ரா மட்டும் எழுந்து வந்தாள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, தெறக்கலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் காசிமாயன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை அவருக்கு அது வெறும் கதவாகத்தான் இருந்தது.

"பின்பக்கம் வா தாயி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினார். நானும் ஓடினேன். சந்துப்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. அதற்கு வெளியே முந்தின நாள் மடக்கி வைத்திருந்த கம்பி கேட்டை இழுத்துப் பூட்டியிருந்தார்கள்.

"யார்யா பூட்டுனது?"

பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். "செல்வண்ணந்தான். தெறந்து வச்சா இந்தப் பக்கமாப் பூந்து எலையில உக்காந்துருவாய்ங்கன்னு பூட்டுனாரு."

"சாவி?"

"அவரு இடுப்புலதான்."

செல்வத்தின் இடுப்பு முன்கதவுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவில் இருந்தது. காசிமாயன் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பூட்டு நல்ல பூட்டு. அவரே வாங்கி வைத்தது.

சமையற்கட்டு வழி இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. அந்த வழியாகத்தான் ஒருவரைச் சுற்றி அனுப்பி, கூட்டத்தைப் பின்னால் நகர்த்தச் சொல்லி, கடைசியில் கதவைத் திறந்தோம். அன்று தீ எதுவும் இல்லை, அதனால் அனுப்ப முடிந்தது. மண்டபத்தில் தீ பிடித்தால் பெரும்பாலும் அது அடுப்படியில்தான் பிடிக்கும்.

கதவு திறந்ததும் இரண்டாம் பந்தி எதுவுமே நடக்காததுபோல உள்ளே பாய்ந்தது. காசிமாயன் கை கழுவும் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. "கையெழுத்துப் போடாதீக மேடம். கல்யாணத்த வேற மண்டபத்துல வச்சுக்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டால் என்மேல் ஒரு சொல் விழாது. மறுப்பது நம் வேலையில் எப்போதும் பத்திரமான காரியம். ஆனால் மறுத்தால் அந்தக் கூட்டம் எங்கே போகும்? காளவாசல் பக்கம் அவசரத்துக்குக் கிடைக்கிற ஏதோ ஒரு பழைய மண்டபத்துக்குப் போகும். அங்கே எல்லாக் கதவும் உள்பக்கம் திறக்கும், பின்பக்கம் இதே பூட்டுத் தொங்கும், இவர் பார்த்ததை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் பேனா சுத்தமாக இருக்கும், பவித்ராவும் அவள் சொந்தங்களும் இதைவிட மோசமான கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

"வேற எங்கயும் போக வேணாம்ணே. இதையே சரி பண்ணுவோம். கொத்தனாரெல்லாம் இங்கதான சாப்புட்டுக்கிட்டு இருக்காக?" என்றேன்.

தேசியத் தொகுப்பை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வெளியே போகத் துடிக்கிற கூட்டத்தை நினைத்து எழுதினார்கள், அது சரியாகவே இருந்தது. நம் பந்தி வாசலில் மட்டும் உள்ளே வரத் துடிக்கிற கூட்டம் ஒன்று கூடுதலாக நிற்கிறது. ஆகவே முன்வாசலை வெளியேறும் வழி என்ற கணக்கிலிருந்தே எடுத்தேன். அங்கே இருந்த கதவைக் கழற்றிவிட்டு வெறும் வாசலாக விடச் சொன்னேன். காத்திருப்பவர்கள் வளைந்து வளைந்து வர, கோயிலில் இருப்பதுபோலக் குழாய்த் தடுப்பு. கை கழுவும் பக்கத்துக் கம்பி கேட்டை அறுத்து எடுக்க வேண்டும், அதே பக்கத்தின் மறுகோடியில் சுவரை உடைத்து இரண்டாவது வழி திறக்க வேண்டும். இரண்டு வழியிலும் பூட்டு என்ற பேச்சே கூடாது, பந்தி நடக்கும்போதெல்லாம் பொறுப்பான ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

அலுவலகத்தில் மேலதிகாரி கத்தினார். "தேசிய அளவுல யோசிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? நாளைக்கு யாராவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்." சொல்கிறேன் என்றேன். காரணங்களை எழுதி, என் பெயரைப் போட்டு, வேலை முடிந்ததைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டேன். குழுவும் பிற்பாடு அதை அரைமனதாக ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் புத்தகத்தின் பின்னிணைப்பில் சாப்பாட்டுக் கூடங்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். படியுங்கள்.

கல்யாணத்தன்று காலையில் போனேன். தாலி கட்டி முடிந்தது. எல்லாரும் சாப்பிட இறங்கினார்கள். பெண்ணைப் பெற்றவர் பந்தி வாசலில் கைகூப்பி நின்று, சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். அதுதான் முறை. அங்கே செல்வம்தான் நின்றார். காசிமாயனைக் காணோம்.

மாப்பிள்ளையின் அப்பா திருமங்கலத்துக்காரர், இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் சாப்பிட்டாரே தவிர முகம் சரியாக இல்லை. அவர் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். "வாங்கன்னு சொல்லக்கூட ஆளக் காணோமே, என்ன சம்பந்தம் இது?" அவர் எங்கே இருப்பார் என்று எனக்கு ஓர் ஊகம் வந்தது. நான் போட்ட நிபந்தனை ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முதல் நாளே மனக்கசப்பை வைத்துவிட்டதோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கை கழுவும் பக்கம் போனால், காசிமாயன் பட்டு வேட்டி, மாலையோடு புதிதாக உடைத்த வழியில் நின்றுகொண்டிருந்தார். கை கழுவிவிட்டுப் போகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டார். உள்ளே நுழையப் பார்த்த ஒருவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை, மாலையில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"வேற ஆளே இல்லையாண்ணே?" என்றேன்.

"போட்டேன் மேடம். எலை போட்டதும் சாப்புடப் போயிட்டான். அடுத்தவனும் போயிட்டான். பொறகு நானே வந்துட்டேன்."

அப்போது சம்பந்தி ஈரக் கையோடு அங்கே வந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தவர் போலிருந்தது. "என்ன சம்பந்தி, வாசல்ல நிக்க வேண்டிய ஆளு எச்சக் கை கழுவுற எடத்துல நிக்கிறீக? எங்க ஆளுக என்ன நெனப்பாக?"

காசிமாயன் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. உள்ள கூட்டமா இருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா இந்த வழியாத்தான் வெளிய வரணும். இதை ஒரு பய அடச்சிரக் கூடாது. அம்புட்டுப் பேரும் சாப்புட்டு வெளிய வந்துரட்டும். பொறகு உங்க வீட்டுக்கே வந்து தப்புக்கு விழுந்து கும்புடுறேன்."

சம்பந்தி திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தார். அடுத்த பந்தி உட்கார்ந்திருந்தது. அவருடைய மனைவி, மூத்த மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே காமிராக்காரர்கள் மகனையும் மருமகளையும் நிற்க வைத்துப் படம் எடுக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க காலையில இருந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டீக. போயி எலையில உக்காருங்க சம்பந்தி" என்றார். "இந்தப் பந்திக்கு நான் நிக்கிறேன்."